மலை நாக்கு

ஊரில் எனக்குச் சோம்பேறி என்று பெயர் கட்டிவிட்டார்கள். கட்டட்டும். மரக்காணத்து உப்பளத்தில் பிறந்தவன் விடியற்காலையில் பாத்தியில் நிற்காமல் பாயில் புரண்டு கொண்டிருந்தால் வேறென்ன சொல்வார்கள்? மலையிலிருந்து இறங்கி வந்த புதிதில் நான் அப்படித்தான் கிடந்தேன். உட்கார்ந்தால் தூக்கம், சாப்பிட்டால் தூக்கம், ஈசிஆர் ரோட்டில் பஸ்ஸுக்கு நின்றால்கூடக் கண் சொருகும். மாரின் மேல் ஈரச் சாக்கைப் போட்டு வைத்த மாதிரி ஒரு பாரம். காற்று கெட்டியாக இருக்கிறது என்று என் பெண்டாட்டியிடம் சொன்னேன். அவள் என் வாயை மோந்து பார்த்துவிட்டு, குடிக்கவில்லை என்று தெரிந்ததும் இன்னும் கவலைப்பட்டாள்.

லடாக்கில் ரோடு போடுகிற கேம்ப்பில் பல வருஷம் சமையல்காரனாக இருந்தேன். பனி உருகும்போது ஏறி, பனி மூடும்போது இறங்குகிற வேலை. கடைசியில் கேம்ப்பைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை என்று குளிர்காலத்திலும் அங்கேயே நிறுத்திவிட்டார்கள். அந்த உயரத்தில் மனுஷன் இருக்கலாம், ஆனால் உடம்பு ஒருநாளும் சும்மா இருக்காது. தூக்கத்தில் மூச்சு தானாக நின்றுபோகும், பிறகு தண்ணீருக்குள்ளிருந்து தலையைத் தூக்குகிறவன் மாதிரி வாயைப் பிளந்துகொண்டு எழுவோம். மூக்குக்குள் ரத்தம் காய்ந்து பக்குக் கட்டும். கையில் ஒரு சின்ன வெட்டு பட்டால் ஆறவே ஆறாது. கீழேயிருந்து கொண்டுபோன சிப்ஸ் பாக்கெட் வெடிக்கிற மாதிரி உப்பி நிற்கும். தண்ணீர் சீக்கிரம் கொதித்துவிடும், ஆனால் அரிசி வேகாது. குக்கர் இல்லையென்றால் அங்கே சோறே கிடையாது.

இறங்கி வந்ததும் இந்த அசதிக்குப் புதுச்சேரி ஆஸ்பத்திரியில் காட்டினேன். டாக்டரம்மா ரத்தத்தைப் பார்த்துவிட்டு, "ரொம்ப கெட்டியா இருக்குதுங்க," என்றார். "மேல காத்துல இருக்கிற ஆக்ஸிஜன் கம்மியா கெடைக்குது. அதைப் புடிச்சு வெக்க உடம்பு ரத்தத்தை ஜாஸ்தி பண்ணிக்கிச்சு. இப்ப கீழ வந்துட்டீங்க. இனிமே அது வேணாம்னு உடம்புக்குப் புரியறதுக்கு நாளாகும். அதுவரைக்கும் இந்த அசதி இருக்கும். ஆனா மறுபடியும் அங்க ஏறாதீங்க."

அம்மாவிடம் வந்து இதைச் சொன்னேன். "பாத்தியில எறங்கி ரெண்டு நாளு உப்பு வாரு, கெட்டியெல்லாம் கரைஞ்சு பூடும்," என்றது அம்மா.

இன்னொரு கோளாறும் கூடவே இறங்கி வந்திருந்தது. மேலே போனால் நாக்கும் பாதி செத்துவிடும். எதைத் தின்றாலும் சப்பென்று இருக்கும். கேம்ப்பில் எல்லோரும் "உப்பு பத்தல, உப்பு பத்தல" என்றே தட்டை நீட்டுவார்கள். போட்டுப் போட்டு என் கை அதற்கே பழகிவிட்டது. வீட்டுக்கு வந்து முதல் தடவை மீன் குழம்பு வைத்தபோது என் பெண்டாட்டி ஒரு வாய் வைத்துவிட்டு, "இதைக் கொண்டு போய்க் கடல்லயே ஊத்துங்க, அதுக்குத்தான் செட்டாவும்," என்றாள். எனக்கு அந்தக் குழம்பு சரியாகத்தான் இருந்தது.

நான் இனி வரமாட்டேன் என்று கேம்ப் மேஸ்திரியிடம் சொன்னதும், என் இடத்துக்குப் போகிறேன் என்று தம்பி கிளம்பினான். கல்யாணமாகாதவன், முப்பது தாண்டியவன், எனக்கு மேல் உழைக்கிறவன். வெயிலும் உப்பும் அவன் கண்ணைக் கூச வைத்திருந்தன, காலில் வெடிப்பு ஆறாமல் இருந்தது. குளிர்ந்த ஊரில் கொஞ்ச காலம் இருந்துவிட்டு வருகிறேன் என்றான். எனக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் போகாதே என்று சொல்ல நான் யார்? நானே போனவன்தானே.

எனக்குப் பயம் குளிரைப் பற்றி இல்லை. எங்கள் ஆட்கள் வேலை செய்கிற விதத்தைப் பற்றித்தான். உப்பளத்தில் கஷ்டமான வேலையை முதலில் முடிக்க வேண்டும். வெயில் ஏறுவதற்கு முன்னால் இருட்டோடு இறங்கி, மூச்சைப் பிடித்துக்கொண்டு மளமளவென்று வாரித் தள்ளிவிட்டு, சூரியன் உச்சிக்கு வருவதற்குள் கரையேற வேண்டும். நடுவில் தலை வலித்தால் துண்டை இறுக்கிக் கட்டிக்கொள்வோம். கண்ணைக் கட்டினால் கூழில் ஒரு பிடி உப்பு கூடப் போட்டுக் கரைத்துக் குடிப்போம். இரண்டுக்கும் அடங்காமல் எவனாவது பாதியில் வரப்பின் மேல் போய் உட்கார்ந்தால் போச்சு, "வரப்பேறிட்டான்டா" என்று அன்று முழுக்க அவனை விடமாட்டார்கள். பெண்களும் சேர்ந்து சிரிப்பார்கள். என் தம்பி ஒருநாளும் வரப்பேறினதில்லை. அதில் அவனுக்கு ஏகப்பட்ட கர்வம்.

மலையில் எல்லாமே தலைகீழ். போன உடனே ஒரு வேலையும் செய்யக் கூடாது. லே ஊரில் சில நாள் படுத்துக் கிடந்து, நிறைய தண்ணீர் குடித்து, அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக ஏற வேண்டும். தலைவலி தணியாவிட்டால் மேலே ஏறவே கூடாது, இறங்கிவிட வேண்டும். துண்டுக்கும் உப்புக்கும் அடங்குகிற தலைவலி இல்லை அது. இதையெல்லாம் கிளம்புகிற அன்று பஸ் ஸ்டாண்டில் நின்று சொன்னேன்.

"இன்னாண்ணா, வேலைக்குன்னு போயிட்டு படுத்துக்கினு இருக்கச் சொல்ற? நான் இன்னா உன்ன மாதிரியா?" என்று சிரித்தான். எனக்குச் சுருக்கென்றது. பஸ் வந்துவிட்டது, அவன் பையை எடுத்துக் கொடுத்தேன்.

அங்கே போனதும் நான் நினைத்த மாதிரியே ஆனது. கேம்ப்பில் சமைக்க ஆளில்லாமல் மேஸ்திரி தவித்துக்கொண்டிருந்தார். லேயில் விமானம் இறங்கிய மறுநாளே, "ஒடம்பு எப்படிப்பா இருக்குது?" என்று கேட்டிருக்கிறார். "சூப்பரா இருக்குதுங்க," என்று இவன் ஜீப்பில் ஏறிவிட்டான். போன கையோடு கேஸ் சிலிண்டரைத் தோளில் வைத்துத் தூக்கியிருக்கிறான். வெயிலுக்கு முன்னால் முடிக்கிற பழக்கம். அங்கே எந்த வெயிலுக்குப் பயந்தானோ தெரியவில்லை. அன்றைக்கே போனில் பெருமையாகச் சொன்னான், எல்லோரும் அசந்துபோய்ப் பார்த்தார்களாம். தலைவலி இருக்கிறதா என்று கேட்டேன். லேசாக இருக்கிறது, துண்டு கட்டியிருக்கிறேன் என்றான்.

அடுத்து வந்த நாட்களில் அவன் பேச்சு குறைந்துகொண்டே வந்தது. துன்ன முடியல, வாய்க்கு ஒன்றும் பிடிக்கல, உப்பே தெரியமாட்டேங்குது என்றான். உப்புத் தண்ணீர் கரைத்துக் குடிக்கிறானாம், அது வாந்தியாக வருகிறதாம். "கீழ எறங்குடா," என்றேன். "வந்து ஒரு வாரம்கூட ஆவல, அதுக்குள்ள வரப்பேறச் சொல்றியா?" என்று வைத்துவிட்டான்.

அதற்கப்புறம் வந்த போனை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். உப்பு வாரி முடிந்து எல்லோரும் கூழ் குடிக்கப் போகிற நேரம். நானும் கொஞ்ச நாளாகப் பாத்திக்குப் போய்க்கொண்டிருந்தேன், அரைகுறையாக ஏதோ செய்வேன். வரப்பில் உட்கார்ந்திருந்தபோது அவன் கூப்பிட்டான். புஸ் புஸ்ஸென்று மூச்சு. அந்தக் கேம்ப்பில் டவர் கிடைக்க வேண்டுமென்றால் பின்னாலிருக்கிற மேட்டில் ஏற வேண்டும், எனக்கே அங்கே மூச்சு வாங்கும். அதனால் முதலில் நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

"பேசாத. உக்காரு. லைனை மட்டும் கட் பண்ணாத," என்றேன்.

உட்கார்ந்தான். நான் காதில் போனை அழுத்திக்கொண்டு கேட்டுக்கொண்டே இருந்தேன். மேடு ஏறின மூச்சு என்றால் உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் அடங்க வேண்டும். எனக்கு எதிரே வெள்ளை வெளேரென்று உப்பு காய்கிறது, லாரியில் மூட்டை ஏற்றுகிறார்கள், எவனோ பாட்டு போட்டிருக்கிறான். நான் ஒரு மூச்சு அடங்குவதற்காகக் காத்துக்கொண்டிருக்கிறேன். அது அடங்கவில்லை. நடுநடுவே இருமல். அந்த இருமலுக்கு அடியில் ஒரு சத்தம், தெருக்குழாயில் தண்ணீர் வருவதற்கு முன்னால் கொரகொரவென்று வருமே, அது.

"எச்சி துப்புனியா? இன்னா கலர்ல இருக்குது?"

"லேசா ரோஸு... ண்ணா," என்றான். பிறகு, சிரிக்க முயற்சி செய்துகொண்டே, "நம்ம பாத்தித் தண்ணி... மாதிரி."

எங்கள் பாத்தியில் உப்பு இறங்குகிற சமயத்தில் தண்ணீர் லேசாகச் சிவக்கும். அதைப் பார்த்தால் எங்களுக்கு அவ்வளவு சந்தோஷம், நாளைக்கு வாரிவிடலாம் என்று அர்த்தம். அந்தச் சந்தோஷத்தை அவன் அங்கே போய் நினைவுபடுத்திக்கொண்டிருந்தான். அந்த நிறம் என்னவென்று எனக்குத் தெரியும். எங்கள் கேம்ப்பில் ஒரு பீகார்க்காரன் அப்படித் துப்பினான், நெஞ்சில் தண்ணீர் கோத்துவிட்டது என்றார்கள். இறக்கிக் கொண்டு போவதற்குள் போய்விட்டான். தரையில் இருந்துகொண்டே மூழ்கிப் போகிற சாவு அது. கடலோரத்தில் பிறந்தவனுக்கு அதைப் பார்க்கவே தாங்காது.

இறங்கு என்றேன், கெஞ்சினேன், கத்தினேன், கெட்ட வார்த்தையில் திட்டினேன். "மதியத்துக்குச் சோறு... யாரு ஆக்குவா?" என்றான். மேஸ்திரி கையிலிருக்கிற கேம்ப் சாட்டிலைட் போனுக்குப் போட்டேன். "ஏம்பா, அவன் நல்லாத்தானே இருக்கான். காலைல கேட்டேன், ஒண்ணியும் இல்லன்னான். நீ கூடத்தான் வந்த புதுசுல இருமுன. நாளைக்கு ஜீப்பு போவும், பாக்கலாம்," என்றார். கேட்டால் ஒன்றுமில்லை என்றுதானே இவன் சொல்லுவான். செத்தால்கூடச் சொல்லமாட்டான். நாளைக்கு ஜீப்பில் எதை ஏற்றுவீர்கள் என்று கேட்க வாய் வரை வந்தது, அடக்கிக்கொண்டேன்.

அப்போதுதான் அம்மா தலையில் உப்புக் கூடையோடு என்னைத் தாண்டிப் போனது. "இன்னாடா, போனும் கையுமா நிக்கிற? வெயில்ல நிக்காத, அப்புறம் மயக்கம்னுவ," என்று சொல்லிவிட்டு விறுவிறுவென்று நடந்தது. நான் அம்மாவுக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டு தம்பியைக் கூப்பிட்டேன். நல்லவேளை, அவன் இன்னும் மேட்டைவிட்டு எழுந்திருக்கவில்லை. எழுந்திருக்க முடியவில்லை போலிருக்கிறது.

"அம்மா பாத்தியில வுழுந்துடுச்சுடா," என்றேன். "ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறோம். உன் பேரைத்தான் சொல்லிக்கினே இருக்குது. உடனே கிளம்பு."

மூச்சு மட்டும் கேட்டது. பிறகு அவன் குழந்தை மாதிரி அழுத சத்தம் கேட்டது. எனக்கும் அழுகை வந்தது, அதனால் பொய் இன்னும் நிஜமாகப் போய்ச் சேர்ந்தது.

அடுத்து நடந்ததுதான் எனக்கு இன்றைக்கும் ஆத்திரம். நெஞ்சில் தண்ணீரோடு இருமுகிறவனை இறக்க ஜீப் இல்லை. அம்மாவுக்கு முடியவில்லை என்று நான் மறுபடியும் போட்டுச் சொன்னதும் மேஸ்திரியே மேட்டுக்கு ஓடிப்போய் அவனைத் தாங்கி இறக்கி, பையைத் தூக்கி வைத்து, சொந்த ஜீப்பைக் கொடுத்து அனுப்பினார். நல்ல மனுஷன்தான், இல்லை என்று சொல்லவில்லை. அந்த ஜீப் டிரைவர் லடாக்கிக்காரன், எனக்குப் பழக்கம், என் சாம்பாருக்கு அடிமை. வழியில் டவர் கிடைத்ததும் அவனைக் கூப்பிட்டு எனக்குத் தெரிந்த இந்தியில் சொன்னேன்: விமானம் கிடக்கட்டும், நேரே ஆஸ்பத்திரி, வழியில் டீக்குக்கூட நிறுத்தாதே. அவன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவனைப் பார்த்திருப்பான் போல. உதடு நீலமாக இருக்கிறது என்றான். அவன் வண்டியில் எப்போதும் ஒரு சின்ன ஆக்ஸிஜன் சிலிண்டர் கிடக்கும், அதை மாட்டிவிட்டேன் என்றான். அங்கிருந்து ரோடு இறக்கம்தான், நடுவில் ஏறுகிற கணவாய் எதுவும் இல்லை. அதற்காக நான் எந்தச் சாமியைக் கும்பிட்டேன் என்று எனக்கே தெரியாது, தெரிந்த எல்லாவற்றையும் கும்பிட்டேன்.

அம்மாவிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. சொன்னேன். கூடையை டொம்மென்று இறக்கி வைத்தது. "எடுபட்டவனே, என்னைச் சாவடிச்சிட்டுத்தான் அவனைக் காப்பாத்தணுமா? உன் வாயில வேற வார்த்தையே வரலியா? நீ வுழுந்துட்டன்னு சொல்றதுதானே?" என்று கத்தியது. நான் விழுந்தால் அவன் வரமாட்டான் என்றேன். அது அம்மாவுக்கும் தெரியும். குவியலிலிருந்து ஒரு பிடி உப்பை அள்ளித் தன் தலையைத் தானே சுற்றித் திருஷ்டி கழித்துக் கால்வாய்த் தண்ணீரில் போட்டது. பிறகு இன்னொரு பிடி அள்ளி வடக்கே பார்த்துச் சுற்றியது. அன்று முழுக்க அம்மா கூழைத் தொடவில்லை.

மறுநாள் மதியம் வரைக்கும் ஒரு தகவலும் இல்லை. டிரைவர் மட்டும் ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டேன், மூக்கில் ஆக்ஸிஜன் வைத்திருக்கிறார்கள் என்று சொல்லியிருந்தான். நான் பாத்திக்குப் போகவில்லை, அம்மாவும் போகவில்லை. எக்கியார்குப்பத்து மீன்காரம்மா வந்து வாசலில் கூடையை இறக்கிவிட்டு, எங்கள் முகத்தைப் பார்த்ததும் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். அவள் தெருமுனை திரும்பினபோது போன் அடித்தது.

"அண்ணா," என்றான். குரல் கம்மியிருந்தது, ஆனால் ஒரு சொல்லுக்கும் இன்னொரு சொல்லுக்கும் நடுவில் மூச்சு குறுக்கே வரவில்லை. "பசிக்குதுண்ணா. அம்மா எப்படி இருக்குது?"

பசிக்கிறது என்கிறான். மலை பிடித்தவனுக்கு முதலில் போவது பசி. அது திரும்பிவிட்டால் ஆள் திரும்பிவிட்டான். நல்லா இருக்குதுடா என்று நான் சொல்வதற்குள் அம்மா போனைப் பிடுங்கிக்கொண்டது.

"டேய், எனக்கு இன்னாடா கேடு? நான் கல்லாட்டம் இருக்கேன். வுழவும் இல்ல, ஒண்ணும் இல்ல. உங்க அண்ணன் உன்னை எறக்குறதுக்குப் புளுவியிருக்கான். நீ நல்லா துன்னு, ஒடம்பைப் பாத்துக்க," என்றது. அப்புறம் ஹலோ ஹலோ என்றது. அவன் வைத்துவிட்டிருந்தான்.

ஊருக்கு வந்த பிறகும் அவன் என்னிடம் பேசவில்லை. டாக்டர் இனி அந்த உயரம் வேண்டாம் என்றிருக்கிறார், மேஸ்திரி அதற்குள் வேறு ஆளைப் போட்டுவிட்டார். அதெல்லாம்கூட அவனுக்குப் பெரிதில்லை. "ஜீப்பு பூரா அம்மா செத்துடுச்சுன்னு அழுதுக்கினே வந்தேன். அந்த அழுகையை எவன் திருப்பித் தருவான்?" என்று என் பெண்டாட்டியிடம் சொன்னானாம். நெஞ்சில் தண்ணீர் நின்றபோது எப்படி அழுதிருப்பான் என்று நினைத்தால் எனக்கே பொறுக்கவில்லை. ஆனால் மறுபடி அப்படி ஒரு மதியம் வந்தால் மறுபடியும் அதே பொய்யைத்தான் சொல்வேன். பேசாவிட்டால் போகிறது.

கொஞ்ச நாள் பாயைவிட்டு எழுந்திருக்கவே அவனுக்குத் தெம்பில்லை. நான் ஒரு சுவரோரம், அவன் ஒரு சுவரோரம். நடுவில் ஃபேன் ஓடும். அம்மா உள்ளே வரும்போதெல்லாம் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்து, "நல்லா பெத்தேன், ரெண்டு மூட்டை," என்று சொல்லிவிட்டுப் போகும். எனக்குத் தூக்கம் வந்தாலும் தூங்கமாட்டேன். அவன் தூங்கும்போது மூச்சைக் கேட்டுக்கொண்டிருப்பேன். கொரகொரப்பு இல்லை, நிற்பதும் இல்லை, சீராக வந்துகொண்டிருக்கும். அசதியாகத்தான் இருக்கும், ஆனாலும் கேட்பேன்.

சோறு மட்டும் நான்தான் ஆக்கினேன். அது ஒன்றுதான் எனக்குத் தெரிந்த வேலை. அவன் தட்டை வாங்கிக்கொள்வான், என் முகத்தைப் பார்க்கமாட்டான். என்ன வைத்தாலும் ஒன்றும் சொல்லாமல் பாதியைத் தின்றுவிட்டு எழுந்துவிடுவான். நன்றாக இருக்கிறதென்றும் இல்லை, இல்லையென்றும் இல்லை. சப்பென்றுதான் இருந்திருக்கும், நாக்கு இன்னும் மலையிலேயே இருந்திருக்கும். எனக்குத் தெரியாதா அது?

ஒரு நாள் மதியம் நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு வைத்தேன். கத்தரிக்காய் போட்டு, மாங்காய் போட்டு. கருவாட்டைக் கழுவிவிட்டு வழக்கம்போலக் கண்ணளவுக்கு உப்புப் போட்டேன். அவன் சோற்றைப் பிசைந்து ஒரு வாய் வைத்தான். கை நின்றது. முகத்தைச் சுளித்துக்கொண்டு, எத்தனையோ நாளைக்கப்புறம் என்னை நேராக நிமிர்ந்து பார்த்தான்.

"உப்பு ஜாஸ்தி," என்றான்.

அடுப்படியில் அம்மா அப்படியே நின்றுவிட்டது. நான் சட்டியிலிருந்து ஒரு துளி எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்தேன். எனக்கு அது சரியாகத்தான் இருந்தது.

"இன்னும் கொஞ்சம் சோறு போட்டுக்க," என்று சொல்லி அவன் தட்டில் போட்டேன். பிசைந்து, முழுக்கத் தின்றான்.